செம்மர நாற்றுக்கு வேம்: பொட்டலத்தில் இருப்பதும் இல்லாததும்

செம்மர நாற்றங்காலுக்கு வெர்மிகுலைட் என்ற தாதுப்பொருளில் கலந்த வேம், அதாவது செடிக்கு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துத் தரும் வேர் உட்பூசணம், வாங்கத் தகுந்த பொருள்தான். பையில் இனப்பெயர், ஒரு கிராமில் உள்ள ஸ்போர் (பூசண வித்து) எண்ணிக்கை, காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். வேர்ப்பூசணத்தின் பொதுப்பெயரான ‘மைக்கோரைசா’ என்று மட்டும் அச்சிட்ட பையை எடுக்காதீர்கள்.

ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 100 கிராம், விதைக்கு 2–3 செ.மீ. கீழே இட வேண்டும். பாலித்தீன் பைக்கு 5–10 கிராம். மொத்தமாகக் கலந்தால் 1,000 கிலோ மண்கலவைக்கு 10 கிலோ. மேலாகத் தூவித் தண்ணீர் விட்டால் காசு வீண். உயிருள்ள வேரைத் தொட்டால்தான் இந்தப் பூசணம் பெருகும்.

பலர் கெடுப்பது இங்கேதான்: கலவையிலேயே மணிச்சத்து உரமான டிஏபியைப் போட்டுவிடுகிறார்கள். மணிச்சத்து மிகுந்தால் வேர் பூசணத்தை ஏற்காது. நாற்றழுகலுக்குக் கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றினாலும் பூசணம் அடிபடும். வெயிலில் கிடந்த பையையும் நம்ப முடியாது.

இலை பச்சையாக இருப்பது, பூசணம் வேரில் பிடித்ததற்குச் சான்றாகாது. செம்மரம் பயறுக் குடும்பம், தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபிய பாக்டீரியாவின் வேர்முடிச்சாலும் பச்சை வரும். இரண்டு மாதம் கழித்து நுனிவேர்களை எடுத்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வெந்நீர்த் தொட்டியில் வைத்து வெளுக்க விடுங்கள். நிறம் போகாவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு. கழுவி, 1% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்து, 0.05% டிரைபான் புளூவில் சாயமேற்றினால் 100 மடங்கு நுண்ணோக்கியில் வேருக்குள் பூசண இழைகளும் அவற்றின் பை போன்ற உறுப்புகளும் நீலமாகத் தெரியும். சாயம் ‘பூசணம் இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும். எந்த இனம் என்பதை டிஎன்ஏதான் சொல்லும்.

பொட்டலத்தின் பெரிய குறையும் டிஎன்ஏ சோதனையில்தான் வெளிப்படும். உள்ளே பெரும்பாலும் ஓரிரு இனங்களே. ஆந்திராவின் சேஷாசலம், வெலிகொண்டா மலைகளில் இயற்கையாக வளரும் மரமோ ஒரே வேரில் பல இனங்களைச் சேர்த்து வைத்திருக்கும். ஒரே இனத்துக்குள்ளும் மரபுவகைகள் வேறுபடும். மண்ணைச் சலித்து ஸ்போர் எண்ணினால் ஒரு பட்டியல், வேரின் டிஎன்ஏவைப் படித்தால் வேறொரு பட்டியல். ஏனென்றால் சில இனங்கள் ஸ்போரே அரிதாகத்தான் விடும். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் ‘அருகிவரும்’ இனமாக வைத்திருக்கும் மரத்தைக் காட்டுக்கே திருப்பி நடுவதென்றால் கடைப் பொட்டலம் போதாது.

அதற்கு அந்த இடத்து மண்ணே வேண்டும். வனத்துறை அனுமதியோடு முதிர்ந்த மரத்தடி மண்ணையும் நுனிவேரையும் எடுத்து, கொதிக்க வைத்து ஆற்றிய மணலோடு கலந்து, சோளம் விதைத்து மூன்று நான்கு மாதம் வளர்க்கலாம். பிறகு நீரை நிறுத்திக் காய விட்டு, வேரை நறுக்கி மண்ணோடு சேர்த்து நாற்றுக்கு இடலாம். ஒரே தொட்டியை ஆண்டாண்டாகப் பெருக்காதீர்கள். வேகமாக ஸ்போர் விடும் இனம் மற்றதை நெருக்கிவிடும், நூற்புழுவும் சேரும்.