அப்பாவின் சுகருக்குச் சென்சரா, ஸ்ட்ரிப்பா?

அப்பாவுக்கு 71 வயது. அம்மாவோடு ராஜபாளையத்தில் இருக்கிறார், நான் சென்னையில். சர்க்கரை நோய் வந்து 18 வருடம் ஆகிறது. அதுவரை மாத்திரையோடு ஓடிக்கொண்டிருந்தவருக்குப் போன வருடம் இரவு இன்சுலின் ஊசியும் சேர்ந்தது. வீட்டிலேயே சுகர் பார்த்துக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். நோட்டில் எழுதுவது அப்பாவுக்கு ஒத்துவராது. எனக்கும் இங்கிருந்தே பார்க்க வேண்டும். போனில் தானாகப் பதிவாகிற மாதிரி ஒன்றைத் தேடினேன். விரலில் குத்திப் பார்க்கும் புளூடூத் சுகர் மெஷின், மேல் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சர் என்று இரண்டு வழி இருந்தது. ஒன்பது மாதத்தில் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். இப்போது அன்றாடத்துக்கு மெஷின்தான். சென்சர் வருடத்துக்கு இரண்டு முறை மட்டும்.

குத்தாமலே சுகர் காட்டும் என்று விற்கிற வாட்ச்சையும் மோதிரத்தையும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி எந்தக் கருவிக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, நம்ப வேண்டாம் என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. ஊசி மருந்து எடுப்பவர் அந்த எண்ணை நம்பினால் ஆபத்து.

சென்சரின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வலி இல்லை. போனைக் கையருகே கொண்டுபோனால் எண் வருகிறது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கத்திலேயே ஓர் அம்புக்குறி. நாள் முழுவதற்குமான கோடு சென்னையில் என் போனிலும் தெரியும். முதல் வாரத்திலேயே அந்தக் கோடு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. பல இரவுகளில் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே சுகர் 70-க்குக் கீழே, அதாவது இருக்க வேண்டியதைவிடக் குறைவாக, போய்க்கொண்டிருந்தது. அப்பாவோ அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் குத்திப் பார்த்தால் 130, 140 என்று நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். மெஷின் மட்டும் இருந்திருந்தால் இது எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். ஒரு நாள் அதிகாலை 3 மணிக்கு அம்மா ஸ்கேன் செய்து பார்த்தபோது 61. பதறிப்போய் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டே எனக்குப் போன் போட்டார். “ஒரு தடவை விரல்ல குத்திப் பாரும்மா” என்றேன். 98. சென்சர் இருந்த இடது கையின் மேலேயே அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். சென்சர் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களைச் சுற்றியிருக்கும் நீரை. அந்த இடம் அழுந்தினால் எண் பொய்யாகக் குறையும். சாதாரண நேரத்திலும் ரத்தத்துக்கு ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கியே வரும். வேறு இரண்டு இரவுகளில் குத்திப் பார்த்தபோது நிஜமாகவே 64, 66 இருந்தது. சந்தேகம் வந்த ஒவ்வொரு முறையும் விரலில் குத்தித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மெஷினும் பிழையே இல்லாதது அல்ல. வீட்டுச் சுகர் மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற 2013-ஆம் ஆண்டுச் சர்வதேசத் தரப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் முன்பின் இருக்கலாம். 100-க்குக் கீழே 15 புள்ளி. கை சுத்தம் இன்னும் முக்கியம். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தி 268 பார்த்து அப்பா அன்று சாப்பாட்டையே தள்ளி வைத்துவிட்டார். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினால் 171.

சரி, முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். செலவு. நாங்கள் வாங்கிய சென்சர் ஒன்று சுமார் 5,000 ரூபாய், அதன் ஆயுள் 14 நாள். விடாமல் ஒட்டினால் வருடத்துக்கு 26 சென்சர், 1,30,000 ரூபாய். மெஷினில் ஒவ்வொரு முறையும் ரத்தத் துளி வைக்கப் புதிதாகச் செருகும் ஸ்ட்ரிப் ஒன்றுக்கு எங்களுக்கு 20 ரூபாய் விழுகிறது. தினம் இரண்டு என்றால் வருடத்துக்கு 14,600. ஒரு சென்சரின் விலையில் நான்கு மாத ஸ்ட்ரிப் வந்துவிடும். அதோடு, சென்சர் பாதியில் கழன்றால் அந்தப் பணம் போனதுதான். சித்திரை வெயிலில் வியர்த்த கையைத் துண்டால் அழுத்தித் துடைத்ததில் ஒன்று ஒன்பதாம் நாளே கையோடு வந்துவிட்டது. அப்பா அன்று முழுக்க மனம் வருந்திக்கொண்டிருந்தார்.

பணம் தாராளமாக இருந்தாலும் நான் யோசித்திருப்பேன். முதல் இரண்டு மாதம் விடாமல் நான்கு சென்சர் ஒட்டினோம். இரவுத் தாழ்வும், காலை இட்லிக்குப் பிறகு வரும் ஏற்றமும் முதல் 14 நாளிலேயே தெரிந்துவிட்டன. சுகர் 70-க்கும் 180-க்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு 2019-ல் வந்த சர்வதேசப் பரிந்துரை, வயதானவர்களின் சுகர் 70-க்குக் கீழே ஒரு சதவீத நேரம்கூட இருக்கக் கூடாது என்கிறது. அப்பாவுக்கு 6 சதவீதம் இருந்தது. டாக்டர் போனை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார், இரவு ஊசியின் அளவைக் குறைத்தார். இரண்டாவது சென்சரில் அது சரியாகிவிட்டது தெரிந்தது. மூன்றாவதும் நான்காவதும் அதே கோட்டைத்தான் திரும்பக் காட்டின. தெரிந்ததையே பார்க்க இரு வாரத்துக்கு ஒரு முறை ஐயாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மெஷினுக்கு மாறியபோது வேளையை மாற்றி மாற்றிக் குத்த ஆரம்பித்தோம். திங்கள் காலை டிபனுக்கு முன்னால் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. செவ்வாய் மதியச் சாப்பாட்டுக்கு அதே மாதிரி. புதன் இரவுக்கு. அப்புறம் மறுபடி முதலிலிருந்து. வாரத்தில் ஒரு நாள் மட்டும் அதிகாலை 3 மணிக்குக் கூடுதலாக ஒன்று. எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்பது ஒரு மாதத்தில் ஆப்பிலேயே வரிசையாகத் தெரிந்துவிடுகிறது. இரண்டு இட்லியைக் குறைத்து ஒரு முட்டையைச் சேர்த்தால் எவ்வளவு குறைகிறது என்று அப்பாவே எனக்குச் சொல்கிறார். போனில் சார்ஜ் போனாலும் மெஷின் தன் திரையில் எண்ணைக் காட்டி நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு ஆப்பைத் திறந்ததும் அனுப்பிவிடும். எங்கள் சென்சரோ அதைத் தொடங்கிய போனோடு கட்டிப்போட்டது போல. நடுவில் போன் கெட்டிருந்தால் மிச்ச நாட்கள் வீண்தான்.

தினம் நான்கு ஊசி போடுபவர்களுக்கும், உடலில் இன்சுலினே சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. இரவில் சுகர் இறங்கினால் அலாரம் அடித்து எழுப்பும் சென்சர் அங்கே உயிர் காக்கும். அந்த வீடுகளின் அனுபவம் எனக்கு இல்லை. அவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். எங்களைப் போல மாத்திரையும் ஓர் இரவு ஊசியும் உள்ள வீட்டுக்கு, தினமும் மெஷின், மருந்து மாறும்போது 14 நாள் சென்சர் என்பதே சரியாக இருக்கிறது. இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 26,000 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்த சென்சரை எப்போது ஒட்டலாம் என்று போன வாரம் பேச்சு வந்தது. பொங்கல் வாரம் உள்ளே வருகிற மாதிரி ஒட்டச் சொல்லியிருக்கிறார் அப்பா. சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி சாப்பிட்டால் கோடு எவ்வளவு ஏறுகிறது என்று அவருக்குப் பார்க்க வேண்டுமாம்.