அப்பாவானத பத்தி ரெண்டு ஸ்டாண்ட்-அப்: ரெண்டாவது தடவ பாக்கும்போது எது நிக்குது?

என் சித்தி பையன் போன மாசம் போன் பண்ணான், அவன் ஒய்ஃபுக்கு ஏழாவது மாசம். "அண்ணா, அப்பா ஆகுறத பத்தி நல்ல ஸ்டாண்ட்-அப் ஏதாவது சொல்லு, ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்"னு கேட்டான். யோசிக்காம அமெரிக்க காமெடியன் மைக் பிர்பிக்லியாவோட 'தி நியூ ஒன்' பாருன்னு சொல்லிட்டேன். இன்னொரு அமெரிக்க காமெடியன் ஹசன் மின்ஹாஜோட 'தி கிங்ஸ் ஜெஸ்டர்' தான் அதவிட பெருசா பேசப்பட்டது, அத ஏன் சொல்லலன்னு போன வெச்சதுக்கப்பறம் தான் யோசிச்சேன், அதான் இத எழுதுறேன்.

ரெண்டுமே நெட்ஃபிளிக்ஸ். பிர்பிக்லியாவோடது 2019, மின்ஹாஜோடது 2022. ரெண்டு பேருமே குழந்தை பிறக்க டாக்டர் கிட்ட அலைஞ்ச கதய ஒளிக்காம சொல்றாங்க, ஆம்பளைங்க அத மேடையில சொல்றதே பெரிய விஷயம். சிரிப்பு மட்டும் கணக்குன்னா மின்ஹாஜ் தான், பின்னாடி பெரிய ஸ்கிரீன், லைட்டு, கேமரா கிட்ட வந்து கண்ணப் பாத்து பேசுறது, ஒரு நிமிஷம் கூட தொய்வு கெடையாது. பிர்பிக்லியா ஆரம்பத்துல ஒரு சோபா வாங்குன கதயவே அவ்ளோ நேரம் இழுப்பாரு, நம்ம ஆளுங்க பாதி பேரு அங்கயே மாத்திருவாங்க. அஞ்சு புள்ளைங்களோட அப்பாவான காமெடியன் ஜிம் காஃபிகனையும் இதுல சேக்கணும் தான், ஆனா அவரோடது துண்டு துண்டா தான் பாத்திருக்கேன், அதனால அவர விட்டுடறேன்.

என் பொண்ணுக்கு ஒம்பது மாசம் இருக்கும்போது, ராத்திரி அவள தோள்ல போட்டு தட்டிக்கிட்டே, ஒரு காதுல மட்டும் ஹெட்போன் மாட்டிக்கிட்டு தான் மின்ஹாஜோடத பாத்தேன். முன்னாடி 'பேட்ரியாட் ஆக்ட்'னு அவரு நடத்துன அரசியல் காமெடி ஷோல சவுதி இளவரசர பத்தியெல்லாம் பேசுனவரு அவரு, அந்த எபிசோட சவுதில நெட்ஃபிளிக்ஸே தூக்கிருச்சு. 'தி கிங்ஸ் ஜெஸ்டர்'ல அவரு சொல்ற கத இது: அந்த மாதிரி பேசுனதுக்கு வீட்டுக்கு ஒரு லெட்டர் வருது, பிரிக்கிறாரு, உள்ள இருந்து வெள்ளப் பொடி கொட்டி மகள் மேல விழுது, ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க. கடைசில விஷம் இல்லன்னு தெரியுது. ஆனா அவரு மனைவி, நீ மேடையில என்ன வேணா பேசிடற, வெளைவ நாங்கல்ல அனுபவிக்கிறோம்ங்கிற மாதிரி கேப்பாங்க. ஹால்ல அவ்ளோ நேரம் சிரிச்சிட்டு இருந்த கூட்டம் அப்படியே ஒறைஞ்சு போகும். நானும் தான், என் கை தானா பொண்ண இறுக்கி புடிச்சிருச்சு, அது இன்னும் ஞாபகம் இருக்கு.

2023 செப்டம்பர்ல நியூ யார்க்கர் பத்திரிகைல ஒரு கட்டுரை வந்துச்சு. மகள் மேல பொடி எதுவும் விழல, ஆஸ்பத்திரிக்கும் போகலன்னு அவரே அதுல ஒத்துக்கிட்டாரு. லெட்டர் வந்தது நெஜம், அந்த பயமும் நெஜம், அதுக்கு மேல கட்டுனது கற்பனைன்றது அவர் பக்கம். இத அவரு உணர்வு சார்ந்த உண்மைன்னு சொன்னாரு, தன் காமெடில எழுபது சதவீதம் அந்த உண்மை, முப்பது சதவீதம் மிகைன்னு கணக்கே சொன்னாரு. ஜனங்க ரெண்டா பிரிஞ்சாங்க. காமெடியன் கத விடுறது என்ன புதுசா, இவனுக்கு மட்டும் என்ன விசாரணைன்னு ஒரு கூட்டம், நம்பி அழுதோமேன்னு ஒரு கூட்டம். அடுத்த மாசமே நீளமா ஒரு வீடியோ போட்டு, பத்திரிகை தன்ன தப்பா காட்டிருச்சுன்னு பதில் சொன்னாரு, மனசு புண்பட்டவங்க கிட்ட மன்னிப்பும் கேட்டாரு, அது மரியாதையான காரியம்.

நான் மொதல் கூட்டத்தோட பாதி ஒத்துப்போவேன். மாமியார் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது எல்லாம் கொஞ்சம் ஊதித்தான் சொல்லுவாங்க, அது யாருக்கும் வலிக்காது. ஆனா அந்த எடத்துல ஹால் ஒறைஞ்சது ஜோக்குக்காக இல்ல, ஒரு புள்ளைக்கு ஆபத்துன்னு நம்பி ஒறைஞ்சது. நான் பொண்ண இறுக்கி புடிச்சதும் அப்படித்தான். விஷயம் தெரிஞ்சதுக்கப்பறம் திரும்ப போட்டுப் பாத்தேன், ஆளு அதே தெறமசாலி தான், ஆனா அந்த எடம் வந்ததும் மனசு உள்ள போகவே மாட்டேங்குது, எந்த லைட்டு எப்ப அணையுதுன்னு கவனிச்சிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு முடிவு பண்ண வெச்சது இது ஒண்ணு தான். இந்த மாதிரி ஷோவ ஒரு தடவையோட விடமாட்டோம், புள்ள பொறந்ததும் பாப்போம், மூணு வயசுல பாப்போம், அப்ப அது நிக்கணும்ல.

'தி நியூ ஒன்' அந்த வகையில கெட்டி. இது பிராட்வே நாடக மேடையில 2018ல ஓடுனது. பிர்பிக்லியாவுக்கு புள்ளையே வேண்டாம், ஏன் வேண்டாம்னு ஒண்ணு ரெண்டுன்னு காரணம் அடுக்குறாரு. புள்ள வந்தாலும் நம்ம வாழ்க்கை மாறாதுன்னு மனைவி சொல்ல, சரின்றாரு. மாறிருது, எல்லாமே. அவருக்கு தூக்கத்துல எழுந்து ஓடுற வியாதி, ஒரு தடவ ஹோட்டல் ரெண்டாவது மாடி ஜன்னல ஒடச்சிட்டே குதிச்சவரு. அதனால தூங்கும்போது ஸ்லீப்பிங் பேக்னு சொல்ற படுக்கைப் பைக்குள்ள தன்ன அடைச்சுக்கணும், கைக்குழந்தை பக்கத்துல படுக்கவும் முடியாது. அம்மாவும் புள்ளையும் ஒரு கட்சி, இவரு வெளிய நிக்கிற ஆளு. மேல இருந்து பொம்மையும் குழந்தை சாமானும் மேடை பூரா கொட்டுற ஒரு எடம் இருக்கு, எங்க வீட்டு ஹாலும் அப்ப அதே கோலம் தான்.

அப்பறம் தான் அவரு சொல்றாரு, சில அப்பாக்கள் ஏன் வீட்ட விட்டு போயிடறாங்கன்னு எனக்கு இப்ப புரியுதுன்னு. இங்கயும் சிரிப்பு நின்னுரும். ஆனா இங்க ஆபத்துல நிக்கிறது புள்ள இல்ல, அவரோட பேரு. தன்னையே தாழ்த்தி சொல்றாரு, அதுல நான் சரிபாக்க வேண்டியது எதுவும் இல்ல. நான் அந்த ராத்திரிங்கள்ல யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தத ஒருத்தர் ஆயிரம் பேரு முன்னாடி சொன்ன மாதிரி இருந்துச்சு. மூணு தடவ பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் அங்க மூச்சு அடைக்குது.

இதுக்கு எதிரா ஒண்ணு சொல்லணும். என் மனைவி அந்த எடத்துல ரிமோட்ட எடுத்து நிறுத்திட்டா. "பத்து மாசம் சொமந்தது அவங்க, இவருக்கு என்ன ஓடிப்போற நெனப்பு? அந்த பொண்ணு பெரியவளாகி இதப் பாத்தா என்ன நெனைக்கும்?"னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. மின்ஹாஜோடதுல அம்மாவுக்கு நியாயம் பேச ஒரு எடம் கெடைக்குது, அது அவளுக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. இதுல மனைவி எழுதுன கவிதைய அவரு படிக்கிறாரு, அது போதுமான்னு அம்மாமார்கள் தான் சொல்லணும்.

இதெல்லாம் யோசிச்சிட்டு தம்பிக்கு திரும்ப போன் பண்ணேன். படத்த மாத்த சொல்லல. "சோபா கதைல அவசரப்படாத, நடுவுல ஒரு வரி வரும், அப்ப உன் ஒய்ஃப் உன்ன திரும்பிப் பாப்பா, நிறுத்த சொன்னா நிறுத்து, பேசுங்க, ஆனா அன்னைக்கே மிச்சத்தையும் பாத்து முடிச்சிருங்க"ன்னு மட்டும் சொன்னேன்.