பழைய வண்டிக்கு 'ஏர்ஃப்ளோ கன்வர்ட்டர்' செய்து தருகிறேன் என்பவரிடம் கவனம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பழைய இ30 பிஎம்டபிள்யூ, அதாவது இங்கே 'குஷேஷே' என்று கொண்டாடுகிற வண்டி வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். 6,500 ராண்ட் போய் என் கைக்கு வந்தது ஒரு கறுப்புப் பெட்டி.

என்னுடையது 325i மாடல். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்க அதிலிருக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் தகடு வைத்த பழைய வகை. உள்ளே இழுக்கப்படும் காற்று தகட்டைத் தள்ளும், அதோடு ஒரு முள் கார்பன் தடத்தின்மேல் ஊரும், அந்த வோல்டேஜைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். முப்பது வருஷத்துக்கு மேல் ஊர்ந்தால் தடம் தேயாதா? வண்டி விட்டுவிட்டு இழுத்தது.

கராஜ்காரர் பார்த்த மாத்திரத்தில், "அண்ணா, இதை இப்ப யாரு போடறா? ஹாட் வயர் சென்சார் போட்டு நடுவுல ஒரு கன்வர்ட்டர் வச்சுத் தரேன், ஜோபர்க் ஏறினாலும் கரெக்டா அளக்கும்" என்றார். பேச்சில் பிழையே இல்லை, எரிச்சலே அதில்தான். தகடு பார்ப்பது காற்றின் தள்ளலை, ஹாட் வயர் என்கிற சூட்டுக்கம்பி பார்ப்பது காற்றின் எடையை. கடலோர டர்பனை விட்டு 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஜொகானஸ்பர்க் போனால் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் இரண்டின் வோல்டேஜும் ஒரே வளைவில் ஏறுவதில்லை. ஒன்றை மற்றதாக்க ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் எழுதி வைக்கும் குட்டி கம்ப்யூட்டர் சிப்), இந்த வோல்டேஜுக்கு அந்த வோல்டேஜ் என்று வண்டியில் அளந்து எழுதிய அட்டவணை, அதைத் திரும்ப வோல்டேஜாக வெளியே விடும் சிப் எல்லாம் வேண்டும். நான் காசு கொடுத்தது அந்த வேலைக்கு.

நின்றபடி இன்ஜின் பட்டுப்போல ஓடியது. ஹிக்கின்சன் ஹைவே ஏற்றத்தில் அழுத்தியதும் இன்ஜின் 'டக் டக்' என்று தட்ட (நாக்கிங்) ஆரம்பித்தது. கேட்டால் முதலில் பெட்ரோல் மோசம் என்றார், பிறகு பிளக் என்றார், பிறகு போனே எடுக்கவில்லை.

வேறொரு இடத்தில், வண்டியை உருளைமேல் ஓடவிட்டு இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் மாட்டினோம். முழு த்ராட்டிலில் 12.5, 13 என்று நிற்க வேண்டிய காற்று-பெட்ரோல் விகிதம் 15-ஐத் தாண்டியது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை. என் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் கிடையாது, ஆகவே கம்ப்யூட்டருக்கு இது தெரிய வழியே இல்லை. இப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும்.

பெட்டிக்குள் ஊற்றி இறுக்கியிருந்த எபாக்ஸி பிசினைப் பெயர்த்தோம். உள்ளே ஒரு ஆப்-ஆம்ப் (வோல்டேஜைப் பெருக்கும் சாதாரண சிப்), நாலைந்து ரெசிஸ்டர், அளவை மாற்றத் திருகுகிற பிரீசெட் ஒன்று. மைக்ரோகன்ட்ரோலரும் இல்லை, அட்டவணையும் இல்லை. வோல்டேஜை மொத்தமாகக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட், வண்டி நின்றபடி ஓடும் ஐடிலுக்கு மட்டும் பொருந்தும்படி திருகி வைத்திருக்கிறார். போதாததற்கு சென்சாரை ஏதோ பிவிசி குழாயில் ஓட்டை போட்டுச் செருகியிருந்தார். குழாயின் விட்டம் மாறினால் அந்த சென்சாரின் அளவே செல்லாது. பழைய மீட்டருக்குள் இருந்த காற்று வெப்ப சென்சாருக்குப் பதிலாக இன்னொன்றையும் ஒட்டியிருக்கிறார். சூட்டுக்கம்பி ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்ட வெப்பத்துக்காகக் கம்ப்யூட்டர் மறுபடியும் பெட்ரோலைக் குறைக்கிறது, அதுவும் டர்பன் வெயிலில்!

பழைய மீட்டரைக் கேட்டேன், "தூக்கிப் போட்டாச்சு" என்றார். அந்த மீட்டரின் மூடியைத் திறந்து கார்பன் தடப் பலகையைக் கொஞ்சம் நகர்த்தி, தேயாத இடத்தில் முள் ஊரும்படி செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார் டைனோக்காரர். கராஜ்காரர் அதை விற்றிருப்பார் என்பது என் சந்தேகம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 67-ஆம் பிரிவு: கழற்றிய பாகம் வேண்டாம் என்று நாமே சொன்னாலொழிய, அதைத் தனியாக எடுத்து வைத்துத் திருப்பித் தர வேண்டியது ரிப்பேர் செய்பவரின் கடமை. இதையும் சேர்த்து மோட்டார் தொழில் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனுக்கு, பெட்டியின் படங்களோடும் டைனோ பிரின்டோடும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

உங்களிடம் யாராவது இதே பேச்சைப் பேசினால், அட்டவணையை லேப்டாப்பில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாக்கிப் பணம், லோடில், அதாவது இன்ஜினை அழுத்தி ஓட்டும்போது எடுத்த வைட்பேண்ட் ரீடிங்கைப் பார்த்த பிறகுதான். 'எபாக்ஸி போட்டிருக்கு, தொழில் ரகசியம்' என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.