இவி3 பிரிக்கை 'லினக்ஸ் கணினி' என்று நம்பி வாங்காதீர்கள்

சென்ற மாதம், பழைய மின்னணுப் பொருள்களை விற்கும் ஒருவரிடம் 9,500 ரூபாய் கொடுத்து ஒரு லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3 பிரிக்கை வாங்கினேன். லெகோ ரோபோக்களுக்கு மூளையாக இருக்கும் சிறிய பெட்டி அது. பைத்தான் பழகவும் இணையத்தில் பாடம் பார்க்கவும் சிறிய கணினி ஒன்று வேண்டும் என்று அக்கா மகள் கேட்டிருந்தாள். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். "இதுல லினக்ஸ் ஓடும் சார். மெமரி 64, கார்டு 32 ஜிபி, டிவில மாட்டினா கம்ப்யூட்டர்தான்" என்றார். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போன்ற ஓர் இயங்குதளம். அவர் அனுப்பிய படத்திலும் பிரிக்கின் அருகில் ஒரு டிவியும் அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் முகப்புத் திரையும் இருந்தன.

அந்த 64-க்கு அவர் அலகு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2013-இல் வெளிவந்த இந்த பிரிக்கில் இருப்பது 300 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம்9 செயலியும் 64 மெகாபைட் ரேமும்தான், 64 ஜிபி அல்ல. இன்றைய பிரவுசர் எதையும் அதில் திறக்க முடியாது. பெட்டியைப் பிரித்து நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே மோட்டாருக்கு நான்கு, கீழே சென்சாருக்கு நான்கு என்று டெலிபோன் ஒயர் செருகும் துளைகளைப் போன்றவை இருந்தன. பக்கவாட்டில் ஒரே ஒரு யூஎஸ்பி துளையும் மைக்ரோ எஸ்டி கார்டுக்கான இடமும் இருந்தன. டிவிக்கு இணைப்பு எதுவும் இல்லை. இருக்கும் திரை 178-க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. அந்த ஒற்றைத் துளையில் வைஃபை டாங்கிளைச் செருகிவிட்டால், ஹப் இல்லாமல் கீபோர்டுக்கு இடம் கிடையாது. கணினியோடு இணைப்பதற்கான மினி யூஎஸ்பி துளை வழியாக மின்சாரம் கொடுத்தும் பிரிக்கை இயக்க முடியாது. ஆறு டபுள் ஏ பேட்டரிகளோ அதற்கென்றே உள்ள லித்தியம் பேட்டரியோ வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் இரண்டுமே இல்லை.

லினக்ஸ் ஓடும் என்பது மட்டும் உண்மை, அதனால்தான் எளிதில் நம்பிவிட்டேன். இவி3டெவ் என்ற டெபியன் வடிவத்தைக் கார்டில் எழுதிச் செருகினால், பிரிக்கின் சொந்த மென்பொருளைத் தொடாமலேயே அது எழுந்துவிடுகிறது. பொத்தான்களைச் சுற்றியுள்ள விளக்கு ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும்வரை பொறுமையாகக் காத்திருந்து, என் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (ஒரு கணினியிலிருந்து இன்னொன்றை இயக்கும் வழி) மூலம் உள்ளே போய்ப் பைத்தான் நிரல் எழுதினேன், மோட்டார் சுழன்றது. ரோபோ செய்பவருக்கு இது இன்றும் நல்ல கருவி, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கார்டில் எழுதுவதற்கும் உள்ளே நுழைவதற்கும் இன்னொரு கணினி வேண்டும். கணினியே இல்லாத பிள்ளைக்கு இதை எப்படிக் கொடுப்பது?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "லினக்ஸ் ஓடுதா இல்லையா, அதைச் சொல்லுங்க சார்" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிட்டார். படத்திலிருந்த டிவி பற்றிய கேள்விக்குப் பதில் வரவே இல்லை.

இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால், ரேம் எத்தனை மெகாபைட் என்று அலகோடு எழுத்தில் கேளுங்கள். பிறகு வீடியோ அழைப்பில் வரச் சொல்லி, பிரிக்கிலிருந்து டிவிக்குப் போகும் கேபிளின் இரு முனைகளையும் காட்டச் சொல்லுங்கள். இவி3-ஐ வைத்துக்கொண்டு யாராலும் அதைக் காட்ட முடியாது.