வண்டிக்கு அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்

பழைய கார், வேன் வைத்திருக்கும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. என்ன செய்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். பெயரை விட அதுதான் உங்களுக்கு உதவும்.

என்னிடம் இருப்பது 2011 மாடல் மாருதி ஆம்னி வேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அது போன பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்ததே, அப்போது குண்டு உப்பலவாடியில் எங்கள் தெரு முழுக்க வெள்ளம். வண்டி இரண்டு நாள் சக்கரம் முழுகி நின்றது. வடிந்ததும் இன்ஜின் ஆயில் மாற்றினோம், சீட்டுகளைக் கழற்றிக் காயவைத்தோம். அடிப்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. அங்கேதான் பிரேக் பைப் ஓடுகிறது. பைப்பைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப்புக்குள் வண்டல் போய் உட்கார்ந்துகொண்டால் அது லேசில் காயாது. ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அந்த இடத்தை மட்டும் தின்னும். வெளியே பார்த்தால் நல்ல பைப், கிளிப்பைக் கழற்றினால் பொருக்குப் பொருக்காகத் துரு.

ஆறேழு மாதம் கழித்து பிரேக் ஆயில் குறைய ஆரம்பித்தது. பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் ஈரம். வீட்டுக்குப் பக்கத்தில் இல்லாவிட்டாலும், நாலு பேர் சொன்னார்கள் என்று கடலூரிலேயே ஒரு பட்டறையில் விட்டேன்.

"பைப் போச்சு சார். மாஸ்டர்லேர்ந்து பின்னாடி வரைக்கும் ஒரே பீஸா கம்பெனி பைப் போட்டுடறேன். இனிமே பத்து வருஷத்துக்குத் தொட வேணாம்" என்றார் முதலாளி. (மாஸ்டர் என்றது மாஸ்டர் சிலிண்டரை, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற பாகம்.) 4,200 ரூபாய். அப்புறம், இன்னொரு தடவை துருப்பிடிக்காமல் இருக்க அடியில் கறுப்புக் கோட்டிங் அடித்தால் நல்லது, அதற்கு 600. சரி, வெள்ளத்தில் பட்ட அடி, செய்துவிடுவோம் என்று சொன்னேன். ஏமாறுவதற்கு 600 ரூபாய் தனியாகக் கொடுத்தவன் நான்.

மறுநாள் சாயங்காலம் வண்டி வந்தது. அடிப்பக்கம் ஒரே கறுப்பு, பளபள. பழைய பைப்பைக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சு." பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் 'பிரேக் வேலை 4800' என்று எழுதிக் கொடுத்தார். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி இறங்கியது. "புது ஆயில் சார், நாலு நாள் ஓடினா செட் ஆயிடும்." இதை நான் நம்பியிருக்கக் கூடாது. புது பிரேக் ஷூ போட்டால் ஓடி ஓடிப் பதியும், அது உண்மை. ஆயில் எதிலும் போய்ப் பதியாது. பெடல் பஞ்சாக இருந்தால் குழாய்க்குள் காற்று இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. நாலு நாளில் அது தானாகச் சரியாகாது.

பதினோராம் நாள். அப்பாவை ஜிப்மருக்கு அழைத்துப் போகிறேன், காலை ஆறரை மணி. தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பம் நெருங்கும்போது முன்னால் போன டவுன் பஸ் நிறுத்தத்தில் ஓரம் கட்டியது. மிதித்தேன். பெடல் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போனது. தரைக்கு ஒரு விரல் இருக்கும்போது ஏதோ பிடித்தது, போதவில்லை. திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டே கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பஸ்ஸின் பின் பம்பருக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். அப்பா டேஷ்போர்டைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை. "என்னடா ஆச்சு?" என்று கூடக் கேட்கவில்லை.

நாங்கள் தப்பித்ததற்கு இரண்டு காரணம். ஆம்னியில் முன் சக்கரங்களுக்கு ஒரு வழி, பின் சக்கரங்களுக்கு ஒரு வழி என்று ஆயில் பாதை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பின்னால் போனாலும் முன்னால் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் பெடல் ரொம்ப ஆழம் போக வேண்டும். அடுத்து, ஹேண்ட் பிரேக் ஆயிலில் ஓடுவதில்லை, கம்பியில் ஓடுகிறது. அவ்வளவுதான் எங்கள் ஆயுள்ரேகை.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த மெக்கானிக்குக்கு. அடியில் படுத்தார், ஸ்க்ரூ டிரைவரால் கறுப்புக் கோட்டிங்கை ஒரு கீறு கீறினார், என்னைக் கூப்பிட்டார். "தம்பி, குனிஞ்சு பாருங்க. இது ஃப்ரிட்ஜ் பைப்பு."

கீறிய இடத்தில் செம்பு மின்னியது. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் பைப் வழியே இழுத்துக்கொண்டே போனார். முன்பாதியில் ஒட்டியது, ஒரு இடத்துக்குப் பிறகு ஒட்டவில்லை. அந்த இடத்தில் இரண்டு குழாயையும் இணைக்க ஒரு பித்தளை ஃபெரூல் யூனியன், தண்ணீர்க் குழாயில் போடுகிற ஜாதி. 'மாஸ்டர்லேர்ந்து ஒரே பீஸ்' என்றது முழுப் பொய். துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, ஏ.சி., ஃப்ரிட்ஜ் வேலைக்கான செம்புக் குழாயை ஒட்டுப் போட்டு, மேலே கறுப்பை அடித்துவிட்டார்கள். அந்தக் கோட்டிங் துருவுக்கு அல்ல, என் கண்ணுக்கு.

கசிந்தது யூனியனில் கூட இல்லை. அந்தச் செம்புக் குழாயின் மறுமுனை, பின் அச்சுக்குப் போகும் ரப்பர் ஹோஸோடு சேரும் இடத்தில். நட்டைக் கழற்றி வாயைக் காட்டினார். குழாயின் வாய் புனல் மாதிரி ஒரு மடிப்பாக மட்டும் விரிந்திருந்தது. அதில் பாதிச் சுற்றுக்கு மயிரிழை விரிசல்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பிரேக் பைப்பின் மூட்டில் வாஷர் கிடையாது, டேப் கிடையாது. குழாயின் விரிந்த வாய்தான் எதிரே இருக்கும் கூம்பில் நெருங்கி உட்கார்ந்து ஆயிலை அடைக்கிறது. அந்த வாயை விரிக்கிற கருவிக்கு ஃப்ளேரிங் டூல் என்று பெயர், பட்டறையில் 'ஃப்ளேர் அடிக்கிறது' என்பார்கள். ஏ.சி. மெக்கானிக்கும் அதே பெயரில் ஒரு கருவி வைத்திருக்கிறார். அதில் ஒற்றை மடிப்புத்தான் வரும், அவர் வேலைக்கு அது சரி, ஏ.சி. பைப்பில் அழுத்தம் 20, 30 பார் அளவில்தான். டயரில் நாம் அடிக்கிற காற்று சுமார் 2 பார். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பைப்புக்குள் 70, 80 பாரையும் தாண்டும். அதனால் பிரேக் பைப்பின் வாயை விரித்து, அந்த விரிந்த விளிம்பையே திரும்ப உள்பக்கமாக மடித்து இரண்டு அடுக்காக்க வேண்டும். இரட்டை ஃப்ளேர். ஒற்றை அடுக்காக இருந்தால் நட்டைப் போட்டு இறுக்கும்போது நசுங்கி மெலியும். செம்பு வேறு, குலுங்கக் குலுங்க இறுகி நொறுங்கும் உலோகம். பதினோரு நாள் தாங்கியதே அதிகம் என்றார் பெரியவர்.

"பக்கத்துக் கடை ஏ.சி. பையன்கிட்ட டூல் வாங்கி அடிச்சிருப்பான்" என்று ஊகித்தார். உண்மையா தெரியாது, ஆனால் அந்தப் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு ஏ.சி. கடை இருப்பது எனக்குத் தெரியும்.

அவர் செய்த வேலையை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். ஜிப்மரில் அப்பா வரிசையில் நிற்கிறார், எனக்கு வேறு வேலை இல்லை. பிரேக்குக்கென்றே வரும் 4.75 மில்லிமீட்டர் எஃகுக் குழாயை எடுத்தார். ஹாக்ஸா பிளேடைத் தொடவில்லை. சின்னச் சக்கரம் வைத்த கட்டரைக் குழாயைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வெட்டினார். அவசரப்பட்டு இறுக்கினால் வாய் உள்பக்கமாக மடங்கிவிடுமாம். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பிசிறை வழித்து, ஊதி, துணியால் துடைத்தார். அப்புறம் நட்டைக் கோத்தார். (நட்டைக் கோக்க மறந்துவிட்டு அழகாக ஃப்ளேர் அடித்து முடித்துத் தலையில் கைவைக்காத மெக்கானிக்கே கிடையாது என்று அவரே சிரித்தார்.) குழாயை டையில், அதாவது ஃப்ளேரிங் டூலின் பிடிகட்டையில் கவ்வி, டைக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை, வாயை உப்பவைக்கிற அச்சுக்கட்டையின் படியை வைத்து அளந்தார். முனையில் ஒரு சொட்டு பிரேக் ஆயில். அச்சுக்கட்டையை வைத்துத் திருகினார், வாய் காளான் குடை மாதிரி உப்பியது. கட்டையை எடுத்துவிட்டு, கூம்பை நேராக வைத்து இறக்கினார், குடை உள்பக்கமாக மடிந்து இரண்டு அடுக்கானது.

முதலில் அடித்தது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி அடித்தார். ஒரு மெக்கானிக்கை நம்பலாமா என்பதற்கு எனக்கு இனி அந்த வெட்டிப் போட்ட துண்டுதான் அளவு.

வண்டிக்கு வண்டி வாயின் வடிவமும் மாறும். மாருதி மாதிரி ஜப்பான் வழி வந்த வண்டிகளுக்கு இந்த உள்மடிப்பு. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் அந்தக் காளான் குடை நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். ஒன்றுக்கு அடிப்பதை மற்றதில் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் கசியும். இறுக்குவதற்கும் நட்டின் ஆறு பக்கத்தையும் கவ்வுகிற மாதிரி, வாயில் ஒரு வெட்டு விட்ட ஸ்பேனர் வைத்திருந்தார். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். என் பழைய நட்டு அப்படித்தான் மொண்ணையாகக் கிடந்தது.

ஏர் எடுக்கும்போது, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்திலிருக்கும் சக்கரம், அதாவது பின் இடது, அதிலிருந்து ஆரம்பித்தார். பட்டறைப் பையன் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, இவர் சக்கரத்துப் பக்கம் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடினார், குமிழி வருவது நிற்கும் வரை. ஆயில் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் குடித்தபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடலூரில் எனக்கு ஊற்றியது மூடி இல்லாத ஒரு தண்ணீர் பாட்டிலிலிருந்து. அப்போதே பார்த்தேன், உறைக்கவில்லை. கடைசியில் பையனை ஒரு நிமிடம் முழு பலத்தோடு பெடலை மிதித்து நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் செய்தித்தாள் துண்டை வைத்து ஒற்றிப் பார்த்தார். ஈரமில்லை.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின் அச்சு வரை முழு பைப், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய். பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாக.

இந்த வேலைக்கு வண்டி விடுகிறவர்கள் பழைய பைப்பை முழு நீளத்துக்கும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் அது இன்னும் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நட்டை மாட்டுவதற்கு முன் ஃப்ளேர் வாயை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டிவிட்டால் கடவுளுக்கும் தெரியாது. கோட்டிங் அடிப்பதாக இருந்தால் பைப்பைப் பார்த்து, ஒரு வாரம் ஓட்டிய பிறகு அடிக்கட்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். குப்ரோ நிக்கல் என்று பிரேக்குக்கே ஏற்ற குழாய் ஒன்று இருக்கிறது, அதிலும் ஒட்டாது. அது உப்புக்காற்றுக்கு நல்லதும்கூட. ஆனால் அப்படிப் போட்டிருந்தால் பில்லில் அந்தப் பெயர் இருக்க வேண்டும்.

அந்தச் செம்புத் துண்டையும் யூனியனையும் எடுத்துக்கொண்டு மறுநாள் கடலூர் பட்டறைக்குப் போனேன். முதலாளி முதலில் "நாங்க போட்டது இல்ல" என்றார். அப்புறம் "நீங்க ஓட்டின விதம் அப்படி" என்றார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதும் 1,500 ரூபாயை மேசையில் வைத்தார். எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிந்திருக்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது. என் கையில் இருக்கும் பலவீனம் அந்தத் துண்டுச் சீட்டுத்தான்.

நான் வெளியே வரும்போது பட்டறை வாசலில் ஒரு டாடா ஏஸ் நின்றது, வேலை முடிந்து கிளம்பத் தயாராக. அடியில் புதுக் கறுப்பு. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பிரேக் வேலையா?" என்றேன். தலையாட்டினார். கையிலிருந்த பைப் வாயை அவரிடம் நீட்டி விஷயத்தைச் சொன்னேன். கிளாஸைத் திண்ணையில் வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனில் டார்ச்சைப் போட்டபடி வண்டிக்கடியில் போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "தம்பி, உங்ககிட்ட ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"