வாட்டர் பம்ப் மாற்றியவர்கள் காற்றை எடுக்கவில்லை; கடைசியில் ஹெட்டையே இறக்கிவிட்டார்கள்

சொந்தமாக ஒரு லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். வாட்டர் பம்ப்பில் கசிவு என்று ஒரு பட்டறையில் விட்டேன். பம்ப்பை மாட்டி, இன்ஜினைக் குளிர வைக்கும் திரவமான கூலண்டை மடமடவென்று ஊற்றி, மூடியைத் திருகி மதியத்துக்குள் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வேகமாக முடித்தார்களே என்று சந்தோஷப்பட்டேன். நின்று பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் லோடோடு ஒரு மேட்டில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சரசரவென்று மேலே போனது. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் தானாகக் கீழே இறங்கியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே கதை. கேபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன், குளிர்ந்த காற்றுதான் வந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் வேறு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏர் லாக்கைத்தான், அதாவது கூலண்ட் ஓடும் பாதையில் காற்று சிக்கி நிற்பதை. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

திரும்பக் கொண்டு போனேன். மூடியைத் திறந்ததும் குமிழி வந்தது. "அண்ணே, ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட்டை இறக்கணும்" என்றார் பட்டறைக்காரர். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி, அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைப்பதுதான் அந்தக் கேஸ்கெட். பிரஷர் வைத்துப் பார்க்கவில்லை, வேறு எந்தச் சோதனையும் இல்லை. பயத்தில் சரி என்றேன். எட்டு நாள் வண்டி நின்றது. கழற்றிய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எங்கேயும் கருகல் இல்லை, வாயு பிய்த்துக்கொண்டு போன தடம் இல்லை. பழையதென்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தார்.

ஹெட் வேலை முடிந்து, கூலண்டை மறுபடி அதே மாதிரி அவசரமாக ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் மேட்டிலேயே முள் மறுபடி ஆடியது. இப்போது, "ரேடியேட்டர் அடைப்பு, புதுசு போட்டுடலாம்" என்கிறார்! அங்கேதான் எனக்கு உறைத்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர். இன்ஜின் சூடேறியதும் இரண்டு ஹோஸ்களுக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். மேல் ஹோஸ் கொதித்தது, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தது. "உள்ளே காத்து நிக்குது தம்பி, யாரும் எடுக்கவே இல்லை" என்றார்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் இன்ஜினை முழுசாக ஆறவிட்டார். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி வண்டியை நிறுத்தினார். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பினார். இல்லையென்றால் அந்தக் குழாயில் நிற்கும் காற்று வெளியே வராது. இன்ஜின் சூடேறியதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் ஹவுசிங்கிலும் ரேடியேட்டர் தலையிலும் காற்றை வெளியேற்ற இருந்த ஏர் ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டு, கூலண்டை நிதானமாக ஊற்றினார். குமிழி நின்று வெறும் கூலண்ட் வழிந்த பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்கினார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை காத்திருந்தார். பல டீசல் இன்ஜின்களில் அது 80 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் திறக்கத் தொடங்கும். அதற்கு முன் நிறுத்தினால் ரேடியேட்டர் பக்கத்துக் காற்றும் இன்ஜின் பக்கத்துக் காற்றும் அங்கங்கேயே நின்றுவிடும். அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்தார். மொத்தம் நான்கு லிட்டருக்கு மேல் உள்ளே போனது. அந்த நான்கு லிட்டர் இடத்திலும் இத்தனை நாள் காற்று இருந்திருக்கிறது.

வேக்யூம் போட்டு நிரப்பும் கருவி இருந்தால் இன்னும் நல்லது என்றார். முதலில் காற்றை உறிஞ்சிவிட்டு, அந்த வெற்றிடமே கூலண்டை இழுத்துக்கொள்ளும். வெற்றிடம் நிற்கவில்லை என்றால் எங்கோ கசிவு இருப்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இதில் எனக்கு இன்னும் நடுக்கம் தருவது முள் கீழே இறங்கிய அந்த நேரங்கள்தான். சூடு குறைந்துவிட்டது என்று நினைத்து ஓட்டினேன். சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். அதைச் சுற்றிக் காற்று நின்றால், ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதே முள் நிதானமாக நிற்கும். காற்று நிற்கும் இடத்தில் உலோகத்தின் சூட்டை எடுத்துப் போக எதுவுமே இல்லை. ஹெட் வெடிப்பதும் வளைவதும் அப்படித்தான். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் முன் குளிர வைக்கும் இஜிஆர் கூலர் உள்ள வண்டிகளில் அதுவும் சேர்ந்து விரிசல் விடும். முள் இப்படி ஏறி இறங்கினால், இறங்கியதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.

குமிழி வந்தாலே கேஸ்கெட் நல்லதுதான் என்று நான் சொல்லவில்லை. வெறும் ஏர் லாக் என்றால் முறையாக எடுத்ததும் குமிழி அடங்கிவிடும். கேஸ்கெட் போயிருந்தால் எத்தனை முறை எடுத்தாலும் வந்துகொண்டே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். கூலண்டும் வெளியே கசியாமலே குறையும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். சில நிமிட வேலை. ஹெட்டில் ஒரு போல்ட்டைத் தொடும் முன் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியை அங்கே விடாதீர்கள்.

முதல் பட்டறைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "செஞ்ச வேலைக்குத்தான் காசு" என்று முடித்துவிட்டார். எட்டு நாள் ஓட்டமும் போனது, அந்தக் கூலியும் போனது. பழைய கேஸ்கெட்டைக் கேபினிலேயே வைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் ஓட்டிவிட்டு, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவைப் பார்க்கச் சொல்லியிருந்தார் அந்தப் பெரியவர். ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது, மிச்சமிருந்த காற்றும் வெளியேறிவிட்டது. அதை நிரப்பினேன். அதே மேட்டில் அதே லோடோடு ஏறினேன், முள் நின்ற இடத்தில் நின்றது.