மில் மோட்டாரில் பேட்டரி இல்லாத சென்சார்: வெப்பமா, வெளிச்சமா, அதிர்வா?

நூற்பாலையில் மோட்டாருக்கு ஒன்றாக வயர்லெஸ் சென்சார் வைத்தால், பேரிங் சூடேறுவது ஃபிட்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தலைவலி எங்கே என்றால், நூற்றுக்கணக்கான சென்சார்களுக்கு யார் பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பது? மோட்டாரைச் சுற்றியே வெப்பம், வெளிச்சம், அதிர்வு, ரேடியோ அலை எல்லாம் இருக்கின்றன. என் ஓட்டு வெப்பத்துக்கு. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் சென்சாரின் பசி எவ்வளவு? குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் லோரா ரேடியோ ஒரு செய்தி அனுப்ப, 3.3 வோல்ட்டில் ஏறக்குறைய 30 மில்லிஆம்பியர் வீதம் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் சராசரி 40 மைக்ரோவாட்டுக்குள் அடங்கும். தூங்கும்போது தின்பதையும் சேர்த்து 50 மைக்ரோவாட் என்று கணக்கு வைப்போம்.

ரேடியோ அலையை உடனே தள்ளிவிடலாம். 100 மில்லிவாட் வைஃபை ரவுட்டரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்றால், சதுர சென்டிமீட்டருக்கு வந்து சேர்வது 0.03 மைக்ரோவாட். அதுவும் ரவுட்டர் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால்தான்.

அதிர்வைப் பலரும் முதலில் நினைக்கிறார்கள். மோட்டார்தான் அதிர்கிறதே, அதிர்ந்தால் மின்சாரம் தரும் பீசோ தகடு ஒன்றை அதில் ஒட்டினால் போதாதா? போதாது. அந்தத் தகடு தனக்கென்று உள்ள ஒரே அதிர்வெண்ணில்தான் நன்றாக ஆடும், சில ஹெர்ட்ஸ் விலகினாலும் மின்சாரம் படுத்துவிடும். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நேரடியாக ஓடும் நான்கு போல் மோட்டார் வினாடிக்குச் சுமார் 24 சுற்று சுற்றும், அதற்கேற்பத் தகட்டைச் செய்துவிடலாம். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் டிரைவில் ஓடும் ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கும் மெஷின்) காப் (நூல் சுற்றிய குழல்) கட்டத் தொடங்கும்போது ஒரு வேகம், நடுவில் ஒரு வேகம், நிறைந்த காப்பைக் கழற்றும் டாஃபிங்குக்கு முன் இன்னொரு வேகம். தகடு எதற்கென்று ஆடும்? அதைவிடப் பெரிய சிக்கல், நன்றாகப் பராமரித்த மோட்டார் அதிகம் அதிராது. 25 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 2 மில்லிமீட்டர் வேக அதிர்வு என்பது வெறும் 0.03 ஜி (புவியீர்ப்பில் நூறில் மூன்று பங்கு) முடுக்கம்தான். மோட்டார் கெட்டுப்போகத் தொடங்கிய பிறகுதான் சென்சாருக்குச் சாப்பாடு கிடைக்கும் என்றால் அது எதற்கு?

வெளிச்சம் அப்படியில்லை. மூன்று ஷிஃப்ட் ஓடும் மில்லில் விளக்கு இரவிலும் எரிகிறது. கால்குலேட்டரில் இருக்கிற வகை அமார்ஃபஸ் சிலிக்கான் செல், 200 லக்ஸ் வெளிச்சத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 5 மைக்ரோவாட் தரும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய செல், 28 சதுர சென்டிமீட்டர் இருந்தால் 120 மைக்ரோவாட்டுக்கு மேல் வந்துவிடும். சுவரில் மாட்டும் ஈரப்பத சென்சாருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மோட்டாரோ மெஷினுக்கு அடியில், நிழலில் இருக்கிறது. போதாததற்குப் பஞ்சுத் தூசி வேறு. படலம் படிந்து வெளிச்சம் பாதியானால் மின்சாரமும் பாதிதான். துடைக்க ஆள் வேண்டும் என்றால், பேட்டரி மாற்றும் வேலை துடைக்கும் வேலையாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, வெப்பம். ஓடும் மோட்டாரின் உடம்பு 60 டிகிரி, மில் காற்று 30 டிகிரி என்று கொள்வோம். இந்த 30 டிகிரியும் நமக்குக் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 40 மில்லிமீட்டர் பெல்டியர் மாட்யூலை (இரு பக்கத்துக்கும் வெப்ப வித்தியாசம் இருந்தால் மின்சாரம் தரும் தகடு) மோட்டார்மேல் வைத்து மறுபக்கம் வெப்பத்தைக் காற்றில் விடும் சிறிய ஹீட்சிங்க் போட்டால், அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி ஹீட்சிங்க்குக்கும் காற்றுக்கும் இடையிலேயே போய்விடும். மாட்யூலின் இரு பக்கத்துக்கும் இடையே மிஞ்சுவது 3 டிகிரி போலத்தான். அதில் வருவது 0.15 வோல்ட். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மாட்யூலின் உள்தடை 2 ஓம்தான் என்பதால் 2.8 மில்லிவாட் வரை எடுக்கலாம். குறைந்த வோல்டேஜை உயர்த்தித் தரும் எல்டிசி3108 போன்ற சிப், சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் உதவியோடு 20 மில்லிவோல்ட்டிலேயே கிளம்பிவிடும். மாற்றுவதில் முக்கால்வாசி வீணானாலும் 700 மைக்ரோவாட் மிஞ்சும். நமக்கு வேண்டியது 50.

ஹீட்சிங்க்கிலும் பஞ்சு அடைக்கும், மறுக்கவில்லை. வெப்ப வித்தியாசம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் வோல்டேஜ், கரண்ட் இரண்டுமே மூன்றில் ஒன்றாவதால் மின்சாரம் ஒன்பதில் ஒன்றாகிவிடும். அப்போதும் 75 மைக்ரோவாட்டுக்கு மேல் நிற்கிறது. இந்தத் தாராளம்தான் என்னை வெப்பத்தின் பக்கம் இழுக்கிறது. பொருத்தும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். மாட்யூலை இறுக்கும் இரும்பு ஸ்க்ரூ வழியாகவே வெப்பம் ஹீட்சிங்க்குக்குத் தாவிவிடும், அதனால் நைலான் வாஷர் போட வேண்டும். அப்புறம், மோட்டாரின் பின்பக்க ஃபேன் தள்ளும் காற்று ஹீட்சிங்க்கைத் தடவிப் போகும்படி இடம் பார்க்க வேண்டும்.

மோட்டார் நின்றால் வெப்பமும் நின்றுவிடுமே என்பார்கள். நின்ற மோட்டாரில் பேரிங் சூடாகப் போவதில்லை. மறுபடி ஓடிச் சூடேறும் வரைக்கும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஒரு சூப்பர் கெபாசிட்டர் தாங்கினால் போதும்.

பேட்டரியையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஈஆர்14505 என்ற ஏஏ அளவு லித்தியம் செல்லில் 3.6 வோல்ட், 2.4 ஆம்பியர்-மணி இருக்கிறது. 50 மைக்ரோவாட்டுக்கு அது காகிதத்தில் 20 வருடம் வரும். நடப்பில் மோட்டார் சூடு செல்லின் சக்தியைத் தானாகக் கசிய வைக்கும். நெடுநேரம் தூங்கி எழுந்ததும் 30 மில்லிஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் சட்டென்று இறங்கும், பக்கத்தில் ஒரு கெபாசிட்டர் வைத்தே ஆக வேண்டும். அப்படியும், இருபது மோட்டார் உள்ள சின்ன மில் என்றால் நான் பேட்டரியைத்தான் சொல்வேன், சென்சார் பெட்டியை மோட்டார் உடம்பில் ஒட்டாமல் ஒரு முழம் வயர் விட்டுத் தள்ளி வைத்து.